அது சர்க்கரை அல்ல

ஸ்கெல்பி, யார்க்‌ஷயர்
1921 ஜூன் 14

லயோனலுக்கு,

'அன்புள்ள தம்பிக்கு' என்று எழுதி அடித்துவிட்டேன். அந்தத் தாளையே அனுப்பினால் பல்லைக் காட்டுவாய் என்று இது வேறு தாள்.

உன் படம் நேற்று ஊருக்கு வந்தது. கடற்கரைச் சாலைக் கொட்டகையில் மதியக் காட்சி. 'கிரேலிங் மாளிகை மர்மம்' என்று ஆளுயரச் சுவரொட்டி. கதை எழுதிய அப்பாவின் பெயர் அடியில், எறும்பு ஊர்வது போல. நம்மை வளர்த்த ஹன்னா கடையைச் சாத்திவிட்டு வந்தாள். நம் வீட்டு முன்னறையில் தேநீர்க்கடை திறந்த நாளிலிருந்து கோடைத் திங்கட்கிழமையில் அவள் கடை சாத்தியதே கிடையாது. புதுத் தொப்பி வேறு.

அவளை யார் பிடிப்பது? ஏப்ரலில் நீ வந்து நம் சமையலறையில் அவள் கைகளைப் படம் பிடித்துப் போனாய் அல்லவா, அன்றிலிருந்து இறைச்சிக்கடையில், தபாலாபீசில், சேப்பல் வாசலில் எல்லாம் ஒரே பேச்சுதான். "முகம் லண்டன்காரியோடது. கை என்னோடது. அந்தப் பொண்ணுக்குக் கெட்டிலப் பிடிக்கவே தெரியல, அதனால நம்ம பையன் என் கையத்தான் கிட்ட வச்சு எடுத்திருக்கான்." கேட்காதவர்களையும் நிறுத்திச் சொன்னாள். அதனால் ஊரே வந்திருந்தது.

மாளிகைப் பெரியவருக்கு வேலைக்காரி தேநீர் கலக்கும் இடம் வந்தது. திரை முழுக்க ஹன்னாவின் கை. அந்த வளைந்த விரலைப் பார்த்ததும் கொட்டகையே கைதட்டியது. "நம்ம ஹன்னாடா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அவள் எழுந்து நின்று தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டாள், ராணியைப் போல. கை டப்பாவைத் திறந்து, கரண்டியால் அள்ளிப் போட்டு, கலக்கியது. அடுத்து, வசனம் காட்டும் எழுத்து அட்டை திரையில் வந்தது.

'அது சர்க்கரை அல்ல.'

முதலில் எனக்குப் புரியவில்லை. அப்பாவின் கதையில் ஹன்னா மாதிரி எழுதப்பட்ட அந்த வேலைக்காரி ஒரு பாவமும் அறியாதவள். தேநீரில் விஷம் வைப்பவன் டாக்டர். நடைவழியில் அவளை நிறுத்திப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வைப்பான். உன் படத்தில் நடைவழியே காணோம். கடைசியில் இன்ஸ்பெக்டர் விரலை நீட்டுகிறார். நீட்டிய இடத்தில் டாக்டர் முகம் இல்லை, ஏப்ரனைப் பிசைகிற ஹன்னாவின் கை. 'இந்தக் கைகள் இனித் தூக்குக்கயிற்றுக்கு' என்று இன்னோர் அட்டை.

ஹன்னா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். உட்கார மறந்துவிட்டாள். நான்தான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

அப்பா கதையில் ஒரு முடிச்சையும் மாற்ற மாட்டேன் என்று நீ சத்தியம் செய்த பிறகுதான் நான் உரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். பதில் சொல்.

அகஸ்டா


பிரைம்லி, சரே
ஜூன் 18

அக்கா,

இதற்குத்தானா அந்தக் கூப்பாடு? யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பயந்து பிரித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் காது கொடு. அப்பா கதையை அப்பா கதையாகத்தான் எடுத்தேன். டாக்டர் வேடத்தில் பெர்சிவல் டேன். நடைவழிக் காட்சியில் அவன் கண் ஒரு மின்னு மின்னும். இந்த நாட்டிலேயே யாரும் அப்படி ஒன்றை எடுத்ததில்லை. முடித்து எங்கள் முதலாளி ஸ்ட்ரட்டுக்குப் போட்டுக் காட்டினேன். விளக்கு எரிந்ததும் மனுஷன் முகம் வெளிறிப்போயிருந்தது. "என்னப்பா இது, டேன் கொலைகாரனா? அவன் படத்தத் தலகாணிக்கடியில வச்சுத் தூங்குற பொண்ணுங்க எத்தன பேரு தெரியுமா? கொட்டகையக் கொளுத்திடுவாளுங்க. வேற யாராவது கொல்லட்டும்" என்றார்.

திரும்ப எடுக்க நாளும் கிடையாது, ஆளும் கிடையாது. ஆனால் பேசாத படத்தில் ஒரு வசதி உண்டு. படம் என்ன காட்டினாலும், இதுதான் என்று சொல்வது அட்டை. நடைவழியை எடுத்துவிட்டு ஓர் அட்டையைச் சொருகினால் சர்க்கரை விஷமாகிவிடும். சொருகினேன். அரை நாள் வேலை. லண்டன் பத்திரிகைகள் தலையில் வைத்துக் கொண்டாடுகின்றன: 'புத்தகத்தைத் தூக்கிச் சாப்பிடும் முடிவு' என்கிறான் ஒருவன். பத்திரிகை நறுக்கை உறைக்குள் வைத்திருக்கிறேன், கிழித்துப் போடாமல் படி.

ஹன்னாவிடம் சொல்: இங்கே எல்லாரும் கேட்பது அந்தக் கைகளைப் பற்றித்தான். எந்த நடிகைக்கும் அப்படிக் கை இல்லை. கூரை இல்லாத முற்றத்தில் நான்கு பேர் தகரப் பலகையால் வெயிலை வாரிச் சமையலறைக்குள் அடித்தோம் அல்லவா, அந்த வெளிச்சத்தில் அது மகாராணியின் கை. அவள் பெருமைப்பட வேண்டும்.

ஊர் சிரிக்கும், மறந்துவிடும். நண்டு விலை ஏறினால் அதைப் பேசப் போய்விடுவார்கள்.

லயோனல்


ஸ்கெல்பி
ஜூன் 23

லயோனலுக்கு,

நறுக்கைப் படித்தேன். அடுப்புப் பற்றவைக்க உதவியது.

ஊர் மறக்கும் என்றாய். எப்படி மறக்கிறது என்று கேட்டுக்கொள். முதல் மூன்று நாள் வேடிக்கை. வருகிறவர்கள் எல்லாம் கண்ணடித்து, "ஹன்னாம்மா, எனக்குச் சர்க்கரை வேணாம்" என்றார்கள். அவளும் சிரித்தாள். "ஒனக்கு ரெண்டு கரண்டி போட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்று இறைச்சிக்கடை ரட்டிடம் அவளே பதிலுக்குச் சொன்னாள். ஹன்னாவின் வாய் உனக்குத் தெரியும்.

நான்காம் நாள் தங்கும் விடுதிக்கு லீட்ஸிலிருந்து வந்த ஓர் அம்மாளுக்கு வாந்தி பேதி. காலையில் துறைமுகத்தில் வெயிலில் காய்ந்த நண்டைத் தின்றிருக்கிறாள். அதை அவளே சொல்கிறாள். மாலையில் நம் கடையில் ஒரு தேநீர் குடித்தாள். நண்டை யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகு வேடிக்கை பேச ஆளே வரவில்லை.

நேற்று நடந்ததுதான் பெரிது. ஞாயிறுப் பள்ளி ஆண்டு விழா வருகிறது. சேப்பலில் அந்தப் பெரிய தேநீர்க் கொப்பரைக்குப் பக்கத்தில் நீயும் நானும் குழந்தையாக இருந்த காலத்திலிருந்து நிற்பவள் ஹன்னா. அவள் ஊற்றாமல் அங்கே தேநீர் கிடையாது. வேறு யாராவது குழாயைத் திருகினால் கைமேல் ஒரு தட்டுத் தட்டுவாள். நேற்று விழாப் பொறுப்பாளர் மிஸஸ் பிளென்கின் வந்தாள், கையுறையைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"ஹன்னா, வருஷா வருஷம் நீங்களே கஷ்டப்படுறீங்க. இந்தத் தடவ கொஞ்சம் ஓய்வெடுங்களேன்."

"எனக்கென்ன கஷ்டம்?"

"இல்ல... சின்னப் பிள்ளைங்க பயப்படுதுங்க. நாங்க நம்புறோமா என்ன? பிள்ளைங்கதான்."

ஹன்னா அவளுக்குத் தேநீர் ஊற்றி வைத்தாள். மிஸஸ் பிளென்கின் போன பிறகு கோப்பை ததும்பத் ததும்ப அப்படியே இருந்தது. ஹன்னா அதைக் கழுவு தொட்டியில் கொட்டிவிட்டு, சமையலறைக்குப் போய்ப் பழைய கையுறையை மாட்டிக்கொண்டாள். இப்போது ரொட்டி வெட்டும்போதும் கழற்றுவதில்லை. அந்த வளைந்த விரல் வெளியே தெரியக் கூடாதாம்.

அம்மா போனபோது உனக்கு நான்கு வயது. அந்தக் கைதான் உன்னைக் குளிப்பாட்டியது, உனக்கு ஊட்டியது, நீ காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் கிடந்தது. அதைக் கொண்டுபோய் ஊர் ஊராகக் கொலைகாரக் கையாக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறாய், பெருமைப்படச் சொல்கிறாய்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த அட்டையை எடு. அரை நாள் வேலை என்று நீயே எழுதியிருக்கிறாய். வெயில் அடிக்கிறது, படம் பிடிக்க வேண்டும் என்று அப்பாவின் அடக்கத்துக்கு வராதவன் நீ. உன்னால் எதற்கும் அரை நாள் ஒதுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

அகஸ்டா


பிரைம்லி
ஜூன் 30

அக்கா,

வந்துவிட்டதா அப்பாவின் அடக்கம்? எந்தக் கடிதத்தில் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ உப்புக் கேட்டு எழுதினாலும் அதில் அந்த அடக்கம் இருக்கும்.

நான் சொன்னால் உனக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். நாங்கள் வேலை செய்வது கண்ணாடிக் கூரைக்குக் கீழே. வெயில் இல்லையென்றால் படம் இல்லை. அந்த மே மாதம் வாரக்கணக்காக மழை. ஐம்பது பேர் வேஷம் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்துக் காத்துக்கிடந்தார்கள். அடக்கத்தன்றுதான் வெளுத்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? வந்திருந்தாலும் யாருக்கு? 'பொம்மை காட்டுகிறவன்' என்று என்னை வாசலோடு அனுப்பியவருக்கு. அவர் மை புட்டியைத் துடைத்துத் துடைத்து, வருகிறவர்களுக்கு 'இங்கேதான் எழுதினார்' என்று காட்டிக்கொண்டிருக்க நீ இருக்கிறாய். எனக்கும் ஒரு பிழைப்பு வேண்டாமா?

அட்டையை எடுக்க முடியாது. படம் என் சொத்தில்லை. பிரதிகள் பிரிஸ்டல், கிளாஸ்கோ, கார்டிஃப் என்று ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் பிடித்து வெட்டி ஒட்டு என்று ஸ்ட்ரட்டிடம் கேட்டால், ஹன்னாவுக்குப் பதிலாக என்னைத் தூக்கில் போடுவார். எடுத்தால் கொலைகாரன் யார்? மறுபடி டேன். மறுபடி தலையணைப் பெண்கள்.

உனக்காக வேறொன்று செய்கிறேன். ஸ்கெல்பிக்கு ஆகஸ்டில் இரண்டாம் தடவை படம் வரும். அந்தப் பிரதியில் மட்டும் ஹன்னாவின் கையை வெட்டிவிட்டு, அந்த லண்டன் பெண்ணின் கையைத் தூரத்திலிருந்து எடுத்த துண்டை ஒட்டித் தருகிறேன். கை போய்விட்டால் பேச்சும் போய்விடும். இது ஸ்ட்ரட்டுக்கே தெரியாது. எனக்கு எவ்வளவு வயிற்றெரிச்சல் தெரியுமா? படத்திலேயே நல்ல துண்டு அதுதான். உனக்காக வெட்டுகிறேன்.

இதற்கு ஒரு நன்றியாவது சொல்லலாம் நீ.

லயோனல்


ஸ்கெல்பி
ஜூலை 6

லயோனலுக்கு,

உன் தாராளத்தை ஹன்னாவுக்குப் படித்துக் காட்டினேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கடைக்கு யாரும் வராததால் பட்டாணிக்கு நேரம் இருக்கிறது.

"என்ன வெட்டுறானாம்?" என்றாள்.

"உங்க கைய."

"கை என்னோடது. அது சும்மாதான இருக்கு, அது என்ன செஞ்சது? எழுத்து அவனோடது. வெட்டுறதுன்னா அத வெட்டச் சொல்லு."

இதைவிடத் தெளிவாக எனக்கு எழுதத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து, "அவனுக்கு முடியாதுன்னா விடு. முதலாளிகிட்ட வேல பாக்குறவன், பாவம்" என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. பாவமாம்! ஞாயிறுப் பள்ளி விழாவன்று வீட்டுச் சன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் பேசுகிற பேச்சு. அங்கே மிஸஸ் பிளென்கின் ஊற்றிய தேநீர் வெந்நீராக இருந்ததாம். அதைக் கேட்டு மட்டும் ஹன்னா முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம்.

அதன் பிறகு அவளாகவே ஒன்று சொன்னாள். அதைத்தான் இப்போது எழுதுகிறேன், கவனமாகப் படி.

"அட்டையெல்லாம் வேணாம். படிச்சத நம்புறவங்களுக்கு இன்னொண்ணு எழுதிக் காட்டுனா மட்டும் தீருமா? அவன வரச் சொல்லு. சனிக்கெழம சந்தை நாள்ல, சன்னல் பக்கத்து மேசைல வந்து ஒக்காரட்டும். படம் எடுத்தவன் அவன்தான்னு எல்லாருக்கும் தெரியும். நான் ஊத்துறேன், ரெண்டு கரண்டி போடுறேன். எல்லாரும் பாக்கக் குடிக்கட்டும். அது போதும்."

கையுறை இல்லாமல் ஊற்றுவாளாம். அதையும் எழுதச் சொன்னாள்.

இவ்வளவுதான் அவள் கேட்பது. வாழ்நாளில் உன்னிடம் அவள் கேட்கும் முதல் காரியம் என்று நினைக்கிறேன். அவள் பெயர் இந்த ஊரில் நிற்பதும் போவதும் இப்போது நீ ஒரு கோப்பை குடிப்பதில் இருக்கிறது. வருகிறாயா, இல்லையா?

அகஸ்டா


பிரைம்லி
ஜூலை 9

அக்கா,

ஹன்னா கேட்டு நான் இல்லை என்பேனா? ஆனால் இந்த மாதம் எப்படி முடியும், சொல். இங்கிலாந்தில் இப்படி ஒரு கோடையை யாரும் பார்த்ததில்லை. தினம் தினம் வெயில். அடுத்த படம் பாதியில் நிற்கிறது, ஸ்ட்ரட் சனிக்கிழமைகளையும் விடுவதாக இல்லை. மழை வரட்டும், முதல் ரயிலில் ஏறிவிடுகிறேன். செப்டம்பரில் நிச்சயம்.

அதுவரை பொறுத்துக்கொள்ளச் சொல். ஒரு நல்ல சால்வை அனுப்புகிறேன்.

லயோனல்


ஸ்கெல்பி
ஜூலை 12

லயோனலுக்கு,

செப்டம்பரில் கோடைக் கூட்டம் போய்விடும். கடையும் போய்விடும்.

சால்வை வேண்டாம். மழை வந்தால் வருகிறேன் என்று நீ எழுதியதை ஹன்னாவிடம் நான் சொல்லவில்லை. உனக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். உடனே கோழிக் கஞ்சி வைத்து ரயிலில் அனுப்பலாமா என்று கேட்கிறாள். உனக்காக நான் சொன்ன கடைசிப் பொய் இது. வெட்கம் என்று ஒன்று மிச்சம் இருந்தால் வந்து சேர்.

அகஸ்டா


பிரைம்லி
ஜூலை 14

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்ட்ரட்டிடம் பல் வலி என்று சொல்லியிருக்கிறேன். நல்ல வெயிலில் ஒரு நாள் போகிறது, என்ன பேச்சு வாங்கப் போகிறேனோ. மாலை ரயிலில் திரும்ப வேண்டும். ஒரு கோப்பை, ஒரு மணி நேரம். சேப்பல் பெண்களுக்கு நடுவில் உட்காரவைக்காதே. நீயும் என்னைக் கூட்டத்துக்கு முன்னால் திட்டாதே.

லயோனல்


பிரைம்லி
ஜூலை 18

அக்கா,

எப்படி? ஜெயித்தோமா இல்லையா?

ரயிலில் திரும்பும்போது வழியெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான். சன்னலுக்கு வெளியே அந்தக் கூட்டத்தைப் பார்த்தாயா! ரட்டின் மூக்கு கண்ணாடியில் அப்பியிருந்தது. காசு கொடுத்து ஆள் சேர்த்தாலும் எனக்கு இப்படிக் கூட்டம் அமையாது.

ஹன்னா ஒரு நடிகைதான், சந்தேகமே இல்லை. நான் குடிக்கப் போகும் நேரம் பார்த்து, என் கையிலிருந்து வெடுக்கென்று கோப்பையைப் பிடுங்கி, நின்றபடியே பாதியைக் குடித்துவிட்டு, "இப்பக் குடி" என்று திருப்பிக் கொடுத்தாள் பார், அடடா! என்ன ஒரு யோசனை! நான் வெறுமனே குடித்திருந்தால் 'பிள்ளை மாதிரி வளர்ந்தவன், குடிக்காமல் என்ன செய்வான்' என்றிருப்பார்கள். அவளே குடித்தாளே, அதற்கு மேல் யார் வாய் திறப்பது? கைதட்டல் தெருமுனைவரை கேட்டது. டேனுக்கு ஜென்மத்துக்கும் அப்படி ஒன்று தோன்றாது. கேமராவைக் கொண்டு வராமல் போனேனே என்று இன்னும் அடித்துக்கொள்கிறேன். அடுத்த படத்தில் அதை அப்படியே வைக்கலாம் என்று நினைக்கிறேன், யாருக்கும் சொல்லாதே.

ஒரே ஒரு குறை. நீ ரயிலடிக்கு வராதது புதிதில்லை. ஹன்னாவும் ஏன் வாசலுக்கு வரவில்லை? வழியில் தின்ன ஒரு துண்டு கேக்கைக்கூடக் கட்டித் தரவில்லை. களைப்பு போலிருக்கிறது. அவளுக்கு என் முத்தங்கள். இனியாவது நீ 'அன்புள்ள' என்று தொடங்கலாம், அல்லவா?

லயோனல்


ஸ்கெல்பி
ஜூலை 22

லயோனலுக்கு,

நடிப்பு என்கிறாய். நீ உண்மையிலேயே அப்படி நினைக்கிறாயா, அல்லது அப்படி நினைத்துக்கொண்டால் தூக்கம் வருகிறதா, எனக்குத் தெரியவில்லை. நடந்ததை நான் சொல்கிறேன். நான் அடுக்களை வாசலில், உனக்கு நேர் எதிரே நின்றிருந்தேன்.

அன்று விடியலிலேயே எழுந்து மேசை விரிப்பை இரண்டு தடவை தேய்த்தாள். வாரக்கணக்காக மாட்டியிருந்த கையுறையைக் கழற்றி அலமாரிக்குள் போட்டாள். நீ வந்து உட்கார்ந்தாய், தொப்பியைக் கழற்றினாய், சன்னலுக்கு வெளியே இருந்தவர்களுக்குக் கை ஆட்டினாய். அவள் பால் விட்டு, தேநீர் ஊற்றி, சர்க்கரை டப்பாவைத் திறந்து இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினாள். உன் முன்னால் வைத்தாள்.

நீ எடுத்தாய். வாய்வரை கொண்டுபோனாய். அங்கே நின்றாய்.

கோப்பைக்குள் பார்த்தாய் லயோனல். அதன் பிறகு சர்க்கரை டப்பாவைப் பார்த்தாய். அதன் பிறகு அவள் கையைப் பார்த்தாய்.

கண் இமைக்கும் நேரம்தான். நீ அறியாமலே செய்திருப்பாய். வெட்டி ஒட்டுகிற இருட்டறையில் அந்தக் கையையும் அந்த அட்டையையும் அடுத்தடுத்து எத்தனை நூறு தடவை பார்த்தாயோ. ஆனால் நான் பார்த்தேன். சன்னலுக்கு வெளியே ரட்டின் மனைவி பார்த்து, பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். ஹன்னாவும் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதற்குப் பிறகுதான் கோப்பையைப் பிடுங்கினாள். கொதிக்கக் கொதிக்க விழுங்கினாள். நாக்கு வெந்து இரண்டு நாள் பேச முடியவில்லை. அவள் கண்ணில் நீர் வந்ததைப் பார்த்து நீ சிரித்தாய், கோப்பையைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினாய்.

நீ கேட்பாய், ஜெயித்தோமா என்று. ஜெயித்தாயிற்று. திங்கட்கிழமை உட்கார இடமில்லை. லீட்ஸ் அம்மாள் ஊருக்குப் போகும் முன் வந்து இரண்டு கோப்பை குடித்துவிட்டு, நண்டுதான் காரணம் என்று எல்லா மேசையிலும் உரக்கச் சொல்லிவிட்டுப் போனாள். நேற்று மிஸஸ் பிளென்கின் வந்தாள், இம்முறை கையுறையைக் கழற்றிவிட்டு. அறுவடைத் திருவிழாவுக்குக் கொப்பரைப் பக்கம் ஹன்னாதான் நிற்க வேண்டுமாம். ஹன்னா சரி என்றாள். ஊரில் அவள் பெயர் பழையபடி ஆகிவிட்டது.

இன்று பாத்திரம் கழுவும்போது அவள் கேட்டாள்.

"அவன் உள்ள பாத்தான்ல?"

இனிப் பொய் சொல்ல மாட்டேன் என்று உனக்கு எழுதியிருந்தேன். இருந்தும் சொன்னேன். "தேயிலை ஏதாவது மெதந்திருக்கும்."

"நான் வடிகட்டித்தான் ஊத்துனேன்."

நான் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

"ஊர்க்காரங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். "அவங்க எழுதியிருந்தத நம்புனாங்க. எழுதுனவன் அவன். அது பொய்னு ஒலகத்துலயே அவனுக்குத்தான் நல்லாத் தெரியும். அவன் பாத்தான்."

உன் கடிதத்தைப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். முன்னறையில் யாரோ மணி அடித்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டு போனவள், வாசலில் நின்று திரும்பினாள்.

"அவனுக்கு எழுதுவல்ல, இதையும் எழுதிடு," என்றாள். "கடைக்கு இப்ப எல்லாரும் வராங்க. அவன் வர வேணாம்."

அகஸ்டா